ஒரே கண்மாயில் இத்தனை உயிர்கள் எப்படி?

சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை பிடித்து, வரத்துக் கால்வாயில் தண்ணீர் இறங்கிவிட்டால் போதும், பதினைந்தே நாளில் ராத்திரித் தூக்கத்தைத் தவளைச் சத்தம் கெடுக்கும். மார்கழியில் கரையில் நின்று பொறுமையாக எண்ணினால் பறவைகள் மட்டும் இருபது வகைக்குக் குறையாது. தண்ணீருக்குள் கெளுத்தி, விரால், நத்தை, தட்டான் புழு, பாசி, அல்லி என்று தனி உலகம். மறுபடி கோடை வந்தால் எல்லாம் கலைந்து, பிட்ச் போட்டுவிடுவார்கள்.

இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்தே தீரும். வெற்றுத் தரையில் இத்தனை உயிர்கள் எப்படி வந்து கூடுகின்றன? கூடிய பிறகு பலமானது மற்றதையெல்லாம் விரட்டிவிடாமல் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன?

இதற்கு நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'இயற்கைச் சமநிலை': ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது, கடிகாரச் சக்கரம் மாதிரி எல்லாம் பொருந்தியிருக்கிறது. இன்னொன்று, 'வலுத்தது வாழும்'. ஒரே ஆள் காலையில் முதலாவதையும் மாலையில் இரண்டாவதையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வலுத்தது மட்டும்தான் வாழும் என்றால் கண்மாயில் ஒரே ஒரு பறவைதான் மிஞ்சியிருக்க வேண்டும். எல்லாம் முன்பே பொருத்தி வைத்தது என்றால் ஒவ்வொரு வருடமும் ஒரே கூட்டம்தான் வர வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம்.

வாரச்சந்தையிலிருந்து தொடங்கலாம்

ஒரு வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை காலை வரை அது பொட்டல். பத்து மணிக்குக் காய்கறி, கருவாடு, வளையல், வெற்றிலை, இரும்புச் சாமான் எல்லாம் வந்துவிடும். இன்னார் இன்ன கடை போடுங்கள் என்று யாரும் திட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் அது கண்டபடி குவிந்த கூட்டமும் இல்லை.

சந்தையில் யார் இருப்பார்கள் என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. முதலில், வந்து சேர முடியுமா? சுற்று வட்டாரத்தில் கருவாடு போடுகிறவர் இருந்தால்தான், அவருக்கு வண்டி கிடைத்தால்தான், கருவாட்டுக் கடை. இரண்டாவது, இந்த இடம் ஒத்துவருமா? சித்திரை வெயிலில் கூரையில்லாத பொட்டலில் பூ விற்க முடியாது, வாடிவிடும். மூன்றாவது, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்களோடு பிழைக்க முடியுமா?

கண்மாய்க்கும் காட்டுக்கும் கடலோரப் பாறைக்கும் இதே மூன்று கேள்விகள்தான். ஓரிடத்தில் ஒரே காலத்தில் சேர்ந்து வாழும் பல இன உயிர்களின் கூட்டத்தை உயிரினச் சமுதாயம் என்கிறோம். இனம் என்று நான் சொல்வது, பாடப்புத்தகத்தில் சிற்றினம் என்று வருவதைத்தான்: மடையான் ஓர் இனம், விரால் ஓர் இனம்.

முதல் கேள்வி: வந்து சேர முடியுமா?

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருந்ததைக் கொதிக்கும் சாம்பல் மூடியது. சுமார் 9 மாதம் கழித்து அங்கே போன பிரெஞ்சுக் குழுவினர் தேடித் தேடிக் கண்டது ஒரே ஒரு உயிரைத்தான். மிகச் சிறிய சிலந்தி ஒன்று, வலை பின்னிக்கொண்டிருந்தது. தன் நூலையே பாய்மரமாக விரித்து, காற்றில் மிதந்து கடல் தாண்டி வந்திருக்கிறது. பிடிக்கப் பூச்சி இல்லாத தீவில் அது வலை கட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஒரு மாதிரி ஆகும்.

அதன் பின்னால் வந்தவர்களின் வரிசையைக் கவனியுங்கள். தூள் மாதிரி வித்துகளைக் காற்றில் அனுப்பும் பாசிகளும் பெரணிகளும் சீக்கிரமே வந்துவிட்டன. கடலில் மிதக்கும் காய்களை உடைய கரையோரச் செடிகள் அலையோடு வந்தன. பறவையும் வௌவாலும் பழம் தின்று எச்சமிட்டதில் அத்தி மரங்கள் முளைத்தன. யார் முதலில் என்பதை அங்கே முடிவு செய்தது பலம் இல்லை, பயணம் செய்யும் வசதி.

எங்கள் கண்மாயிலும் அப்படித்தான். விரால் ஈரச் சேற்றில் புதைந்து, காற்றைச் சுவாசித்தபடி கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். தட்டான் பறந்து வரும். கெண்டைக் குஞ்சுகள் மேலே இருக்கிற கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீரோடு வரும். அல்லிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். ஓரிடத்துக்கு வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் எல்லா இனங்களையும் சேர்த்து வட்டாரத் தொகுப்பு என்பார்கள். அந்தத் தொகுப்பில் இல்லாதது எவ்வளவு பொருத்தமான இனமாக இருந்தாலும் கண்மாய்க்கு வராது. ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னம் இங்கே வாழ்ந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வழி இல்லை.

மனிதன் அந்த வழியைப் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீமைக் கருவேலமே சாட்சி. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலத்து மரம் அது. கடலைத் தாண்ட மட்டும் மனிதன் தேவைப்பட்டான். அதற்கப்புறம் ஆடும் மாடும் காயைத் தின்று சாணியோடு விதைத்துவிட்டன.

இரண்டாவது கேள்வி: இடம் ஒத்துவருமா?

வந்து சேர்ந்தவை எல்லாம் தங்குவதில்லை. அந்த இடத்தின் குளிர், உப்பு, வறட்சி, நெருப்பு இவை ஒரு சல்லடை மாதிரி வேலை செய்யும். இதற்குச் சூழல் வடிகட்டி என்று பெயர்.

நீலகிரியின் உச்சிப் பகுதிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மடிப்புகளில் சோலைக்காடு, திறந்த சரிவுகளில் புல்வெளி. இரண்டும் கலக்காமல் கோடு கிழித்த மாதிரி நிற்கும். தை மாதம் விடியற்காலையில் போனால் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், கால் வைத்தால் நொறுங்கும். சோலை மரத்தின் இளங்கன்று அங்கே முளைத்தால் அந்தப் பனியில் கருகிவிடும். பத்தடி தள்ளி, மரங்களின் கூரைக்கு அடியில் அதே கன்று பிழைக்கும், ஏனென்றால் இலைக்கூரை தரைச் சூட்டை வெளியே விடாது. உறைபனியோடு தீயும் மேய்ச்சலும் சேர்ந்து புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருக்கின்றன.

அந்தப் புல்வெளியைப் 'பாழாய்க் கிடக்கிற இடம்' என்று நினைத்து அதில் வாட்டில் எனப்படும் சீகை மரத்தை நட்டார்கள். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் குளிரைப் பார்த்த மரம், உறைபனிச் சல்லடையில் நழுவிப் போய்விட்டது. இன்று புல்வெளியில் கணிசமான பகுதியை அது விழுங்கியிருக்கிறது. இந்தக் கதைக்கு மறுபடி வருவேன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வட்டாரத்திலிருந்து வந்து சேர வேண்டும், இடத்தைத் தாங்க வேண்டும். இந்த இரண்டு வாசலையும் தாண்டியவைதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பலரும் தடுமாறுவது இனிமேல்தான்.

மூன்றாவது கேள்வி: போட்டி

1934ல் மாஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜி காஸ் என்ற 23 வயது ஆய்வாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் செய்தது மிக எளிமையான சோதனை. பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியில் இரண்டு இனங்களை எடுத்து, தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பாக்டீரியா உணவு கொடுத்து வளர்த்தார். இரண்டும் நன்றாகப் பெருகின. ஒரே குழாயில் போட்டால், கொஞ்ச நாளில் ஆரேலியா என்ற இனம் மட்டும் மிஞ்சியது, காடேட்டம் அழிந்துபோனது. ஒரே தேவையை ஒரே விதத்தில் நம்பியிருக்கும் இரண்டு இனங்கள் நெடுநாள் சேர்ந்து இருக்க முடியாது என்ற இந்த முடிவுக்குப் போட்டி விலக்கல் விதி என்று பெயர்.

எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், 'வலுத்தது வாழும்' என்று. காஸ் நிறுத்தவில்லை. அதே காடேட்டத்தைப் பர்சேரியா என்ற மூன்றாவது இனத்தோடு போட்டார். இரண்டும் பிழைத்தன. காடேட்டம் தண்ணீரில் மிதந்த பாக்டீரியாவைத் தின்றது, பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. விரலளவு குழாய்க்குள்ளேயே மாடி வீடு, கீழ் வீடு என்று பிரித்துக்கொண்டன.

ஓர் இனம் எங்கே, எப்போது, எதைத் தின்று, எதைத் தாங்கி வாழ்கிறது என்ற மொத்தப் பிழைப்பு முறைக்குச் செயல் வாழிடம் என்று பெயர். வாழிடம் என்பது முகவரி என்றால், செயல் வாழிடம் என்பது தொழில் என்று வைத்துக்கொள்ளலாம்.

போன தை மாதம் ஒரு காலையில் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். கரை ஓரத்துக் காய்ந்த தரையில் ஆள்காட்டி. கணுக்கால் அளவு தண்ணீரில் நெடுங்கால் உள்ளான், ரோஸ் நிறக் குச்சிக் கால்களோடு. ஓரத்தில் மடையான் ஒன்று அசையவே இல்லை, கல்லென்றே நினைத்தேன். அதைவிட ஆழத்தில் பெரிய கொக்கு. நடுத் தண்ணீரில் முக்குளிப்பான் குட்டிக்கரணம் போட்டு உள்ளே போய், எதிர்பாராத இடத்தில் தலையை நீட்டியது. மேலே கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் மாதிரி விழுந்தது. கரண்டிவாயன் அலகைத் தண்ணீரில் இடவலமாக அரிவாள் வீசுகிற மாதிரி வீசிக்கொண்டே நடந்தது. கரை மேல் ஒரு குவியல் நத்தை ஓடு கிடந்தது, பெரும்பாலும் உடையாமல். நத்தைகுத்தி நாரையின் வேலை. அதன் இரண்டு அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கூர்முனையை ஓட்டுக்குள் விட்டுத் தசையைப் பிரித்து, நத்தையை மட்டும் உருவி எடுக்கும். அந்த அலகால் முக்குளிப்பானின் பிழைப்பை நடத்த முடியாது.

1958ல் ராபர்ட் மெக்கார்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் இதையேதான் காட்டியது. வட அமெரிக்க ஊசியிலைக் காடுகளில் ஒரே மரத்தில் பூச்சி பிடிக்கும் ஐந்து இனச் சிறு குருவிகள் இருந்தன. அளவும் உணவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் மரத்தைக் கற்பனையில் 16 பகுதிகளாகப் பிரித்து, எந்தக் குருவி எங்கே எத்தனை விநாடி இருக்கிறது என்று குறித்தார். ஒன்று உச்சியின் வெளிநுனியில், ஒன்று நடுவில், ஒன்று அடிக்கிளைகளில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் தெரிந்தது.

வித்தியாசம் தெரிந்தால் மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். இரண்டு பறவைகள் வேறு வேறு ஆழத்தில் மேய்வதைப் பார்த்தவுடனே 'போட்டியைத் தவிர்க்கப் பிரித்துக்கொண்டன' என்று எழுதிவிடுகிறார்கள். கால் நீளம் வேறாக இருப்பதால் அவை எப்படியும் அங்கேதான் நின்றிருக்கக்கூடும். ஒன்றை அகற்றிவிட்டு மற்றது இடம் மாறுகிறதா என்று பார்த்தால்தான் போட்டி உண்டா இல்லையா என்று தெரியும்.

அப்படிப் பார்த்தவர் ஜோசப் கானல். ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவுப் பாறைகளில் கொட்டலசு அப்பியிருக்கும். படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு, காலை வைத்தால் கிழித்துவிடும் சுண்ணாம்பு ஓட்டுப் பிராணி அது. அங்கே சின்ன இனம் பாறையின் மேல்பகுதியில், பெரிய இனம் கீழே. சின்னது மேட்டை விரும்புகிறது என்று யாரும் நினைத்திருப்பார்கள். கானல் சின்னது ஒட்டிய கற்களைக் கீழே கொண்டுவந்து வைத்து, பாதி இடத்தில் பெரிய இனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். சுரண்டிய பாதியில் சின்னது நன்றாகவே வாழ்ந்தது. சுரண்டாத பாதியில் பெரியது அதை மூடியும், அடியில் நுழைந்து பெயர்த்தும், நசுக்கியும் கொன்றது. மேட்டில் பெரியது வராததற்குக் காரணம் வேறு: நீர் வடிந்த நேரத்து வெயிலை அதனால் தாங்க முடியவில்லை. 1961ல் வெளிவந்த இந்த ஆய்வில் இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் ஒரே பாறையில் எழுதி வைத்த மாதிரி தெரிகிறது. மேல் எல்லையை வெயில் போட்டது, கீழ் எல்லையை எதிரி போட்டது.

சேர்ந்து வாழ்வதன் உண்மையான ரகசியம்

ஆளுக்கொரு தொழில் என்றால் சேர்ந்து இருக்கலாம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்தது. அந்த வித்தியாசம் ஏன் காப்பாற்றுகிறது? இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான்.

சந்தைக்கே போவோம். பத்துப் பேர் கத்தரிக்காய் கொண்டுவந்தால் கத்தரிக்காய் விலை விழும். அடி யாருக்கு? கத்தரிக்காய்க்காரருக்குத்தான். கருவாட்டுக்காரருக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர் வேறு காய்க்குப் போய்விட்டால், மிச்சமிருக்கும் இரண்டு பேருக்கு நல்ல விலை. கத்தரிக்காய் மொத்தச் சந்தையையும் பிடித்துவிடாது, சந்தையிலிருந்து காணாமலும் போகாது. பெருகினால் தானே தன்னை அழுத்திக்கொள்கிறது, குறைந்தால் தானே மேலே வருகிறது.

உயிரினங்களிலும் இதேதான். ஓர் இனம் பெருகும்போது அந்தப் பெருக்கம் மற்ற இனங்களைத் தொல்லை செய்வதைவிடத் தன் இனத்தையே அதிகம் தொல்லை செய்ய வேண்டும். எல்லா இனங்களுக்கும் இது பொருந்தினால் எல்லாமே தங்கும். சேர்ந்து வாழ்வதற்கான அடிப்படை நிபந்தனை இதுதான். மடையானின் வயிற்றில் அடிக்கிறது இன்னொரு மடையான், முக்குளிப்பான் அவ்வளவாக இல்லை.

இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னவர் பீட்டர் செசன், 2000த்தில். இரண்டு இனங்களின் பலம் ஏறக்குறைய சமமாக இருந்தால் தோற்பது தாமதமாகும். சமபலமுள்ள இரண்டு பயில்வான்கள் வெகுநேரம் கட்டிப் புரள்வார்கள், ஆனாலும் ஒருவர் விழத்தான் போகிறார். இதைச் சமமாக்கும் காரணம் என்கிறோம். எண்ணிக்கையில் குறைந்து விழப்போகிற இனத்துக்கு, குறைந்துவிட்டது என்ற காரணத்தாலேயே பிழைப்பு எளிதானால், அது மறுபடி எழும். இது நிலைநிறுத்தும் காரணம். முதலாவது நேரம் வாங்கிக் கொடுக்கும். இரண்டாவது இருந்தால்தான் நிரந்தரமாகத் தங்க முடியும்.

வேப்ப மரத்தடியில் இதைப் பார்க்கலாம். ஆனியில் பழம் உதிர்ந்து, மழை பெய்ததும் மரத்தடி முழுக்கப் பச்சை ஜமக்காளம் விரித்த மாதிரி கன்றுகள் நிற்கும். அடுத்த வருடம் பாருங்கள், அங்கே எதுவும் தேறியிருக்காது. தள்ளி, காக்கை எச்சம் விழுந்த வேலியோரத்தில் ஒன்று வளர்ந்திருக்கும். தாய்மரத்தின் நிழலும் நெரிசலும் ஒரு காரணம். வெப்பமண்டலக் காடுகளில் இன்னொரு காரணத்தை 1970ல் டேனியல் ஜான்சனும், 1971ல் அதே கானலும் தனித்தனியே முன்வைத்தார்கள். ஒரு மரத்தையே குறிவைக்கும் பூச்சியும் பூஞ்சையும் அந்த மரத்தைச் சுற்றித்தான் கூடாரம் போட்டிருக்கும். அதனால் தாயின் காலடியில் விழும் விதை பெரும்பாலும் சாகும், வேறு இனத்தின் விதைக்கு அங்கே அந்த ஆபத்து குறைவு. ஒரே நிலத்தில் தொடர்ந்து ஒரே பயிரைப் போட்டால் நோய் குடியேறிவிடும் என்று நம் விவசாயிகள் பயிரை மாற்றி மாற்றிப் போடுவார்களே, காட்டில் அதே வேலையைப் பூஞ்சை செய்கிறது.

பனாமா கால்வாயின் நடுவிலுள்ள பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி 1980களிலிருந்து கவனிக்கிறார்கள். சுமார் 300 இனங்கள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். அங்கே விதைப் பொறிகளில் விழுந்த விதைகளையும், பக்கத்தில் முளைத்த கன்றுகளையும் எண்ணிப் பார்த்த ஆய்வு 2000த்தில் வெளியானது. ஆராய்ந்த 53 இனங்களிலும் ஒரே போக்கு: தன் இன விதை எங்கே அதிகம் விழுந்ததோ, அங்கே ஒரு விதைக்குக் கன்றாகும் வாய்ப்பு குறைவு. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை என்பதைப் படித்தபோது நான் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட அளவைக் காடுகள் உண்டு. முதுமலையில் 50 ஹெக்டேரில் சுமார் 70 இனங்கள்தான். இலங்கையின் சிங்கராஜாவில் அதில் பாதிப் பரப்பில் 200க்கும் மேல். முதுமலையின் வறண்ட மாதங்களும் தரைத் தீயும் யானையும் கடுமையான வடிகட்டிகள். ஆண்டு முழுவதும் ஈரமான சிங்கராஜாவில் வடிகட்டி தளர்வு, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் கொண்டாட்டம். காரணங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் இவை இரண்டும் நிச்சயம் அவற்றில் சேரும்.

சுருக்கமாக: வித்தியாசமான தொழில் காப்பாற்றுவது, அது ஒவ்வோர் இனத்தையும் தன் கூட்டத்தோடேயே மோத வைப்பதால். உணவு வேறாக இருந்தாலும் சரி, எதிரி வேறாக இருந்தாலும் சரி, பலன் ஒன்றுதான்.

காலமும் வேட்டைக்காரரும்

இன்னும் இரண்டு வழிகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஒன்று, நேரத்தைப் பிரித்துக்கொள்வது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் மழைக்கு மட்டும் முளைத்துப் பூத்துச் சாகும் சிறு செடிகளை 1982லிருந்து கவனித்து வருகிறார்கள். ஒரு வருடத்து மழை ஓர் இனத்துக்குச் சாதகம், மறு வருடம் வேறொன்றுக்கு. தோற்ற வருடத்தில் செடி அழிந்துவிடாமல் காப்பாற்றுவது மண்ணுக்குள் முளைக்காமல் கிடக்கும் விதை. நல்ல வருடத்தின் லாபத்தைக் குதிரில் போட்டு வைத்து, கெட்ட வருடத்தைத் தாண்டுவது போல. இதற்குச் சேமிப்பு விளைவு என்று பெயர்.

இன்னொன்று, வேட்டையாடும் உயிர். 1963ல் ராபர்ட் பெயின் என்பவர் வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாவில் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கிப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். மாதக் கணக்கில் இதையே செய்தார். கொல்லும் பிராணி போனால் மற்றவை நிம்மதியாகப் பெருகும் என்றுதானே தோன்றும்? 1966ல் அவர் வெளியிட்ட கணக்கில் 15 இனங்கள் 8 ஆகக் குறைந்திருந்தன. நட்சத்திர மீனின் பிடித்தமான இரை ஒரு வகைச் சிப்பி. பாறையில் இடம் பிடிப்பதில் அதுதான் கெட்டிக்காரன். தின்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் அது பாறை முழுக்கப் படர்ந்து மற்றவற்றை வெளியே தள்ளிவிட்டது. தன் எண்ணிக்கைக்கு மிஞ்சிய செல்வாக்குள்ள இப்படிப்பட்ட இனத்துக்கு ஆதார இனம் என்று பெயர். எல்லா வேட்டைக்காரரும் ஆதார இனம் இல்லை. இரை, போட்டியில் ஜெயிக்கக்கூடியதாக இருந்தால்தான் இந்த விளைவு.

யார் முதலில் வந்தார்கள், எவ்வளவு அதிர்ஷ்டம்?

1960களின் பிற்பாதியில் ஃபுளோரிடா கடலோரத்தில் டேனியல் சிம்பர்லாஃபும் எட்வர்ட் வில்சனும் செய்த சோதனை, கேட்கும்போது கொஞ்சம் திகைப்பாக இருக்கும். நம் பிச்சாவரத்துச் சுரபுன்னை மாதிரி மரங்கள் மட்டும் நிற்கும் குட்டித் தீவுகளைக் கூடாரம் போட்டு மூடி, புகை மருந்து அடித்து, பூச்சி, சிலந்தி எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக வருவதை எண்ணினார்கள். பெரும்பாலான தீவுகளில் ஓராண்டுக்குள்ளேயே இனங்களின் எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் திரும்பியவை அதே இனங்கள் இல்லை. சந்தையில் முப்பது கடை என்றால் முப்பது கடைதான், ஆட்கள் மாறிவிட்டார்கள்.

வந்த வரிசை முடிவையே மாற்றுவதும் உண்டு. எங்கள் கண்மாயில் அல்லி முதலில் படர்ந்த வருடம் ஒரு மாதிரி, பக்கத்து ஊரிலிருந்து ஆகாயத்தாமரை முந்திக்கொண்டு மிதந்து வந்த வருடம் வேறு மாதிரி. மேலே பாய் விரித்துவிட்டால் அடியில் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாவிட்டால் நீருக்குள் வளரும் பாசிச் செடி இல்லை, அதைத் தின்கிற நாமக்கோழியும் குறைவு. இதை முதல்வரவு விளைவு என்பார்கள்.

வெறும் அதிர்ஷ்டமே எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டவர் ஸ்டீபன் ஹப்பல். பாரோ கொலராடோவில் மரங்களுக்கு எண் கட்டும் வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். எல்லா இனங்களையும் முழுக்கச் சமம் என்று வைத்துக்கொண்டு, பிறப்பு, இறப்பு, வரவு எல்லாம் குலுக்கல் முறையில் நடப்பதாகக் கணக்குப் போட்டார். நடுநிலைக் கோட்பாடு என்ற பெயரில் 2001ல் வந்த அந்தக் கணக்கு, காட்டில் சில இனங்கள் ஏராளமாகவும் பல இனங்கள் அபூர்வமாகவும் இருப்பதை ஆச்சரியமான அளவுக்குப் பொருத்திக் காட்டியது. இனங்கள் உண்மையில் சமம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மரம் விழுந்த இடைவெளியில் எந்த விதை கிடந்தது என்பதில் குலுக்கலும் உண்டு என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் 'சமநிலை'?

நூறு வருடத்துக்கு முன்பே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1916ல் பிரெடெரிக் கிளெமென்ட்ஸ், ஒரு காடு என்பது பிறந்து வளர்ந்து முதிரும் ஓர் உடல் மாதிரி என்றார். 1926ல் ஹென்றி கிளீசன், ஒவ்வோர் இனமும் தன் தேவைப்படி தனியாகத்தான் வருகிறது, நாம் பார்ப்பது அவை ஒன்றன் மேல் ஒன்று விழும் இடம் மட்டுமே என்றார். அவரை அப்போது யாரும் கேட்கவில்லை. பிறகு ஏரிச் சேற்றில் படிந்த பழைய மகரந்தத்தை மார்கரெட் டேவிஸ் போன்றவர்கள் அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தபோது, பனியுகம் முடிந்து வட அமெரிக்க மரங்கள் வடக்கே நகர்ந்த கதை தெரிந்தது. ஒவ்வொன்றும் தனி வேகத்தில், தனிப் பாதையில் போயிருக்கிறது. இன்று ஒன்றாக நிற்கும் மரங்கள் எல்லாக் காலத்திலும் கூட்டாளிகள் இல்லை.

என் கட்சி பெரும்பாலும் கிளீசன் பக்கம்தான். ஆனால் அவர் சொன்னதை வைத்து, 'அப்படியானால் எதை எடுத்தாலும் எதைச் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது' என்று வாதாடுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. பெயினின் பாறையில் எடுத்தது ஒரே ஓர் இனம். நீலகிரிப் புல்வெளியில் சேர்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில மரங்கள்.

நீலகிரியில் இப்போது சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. வெட்டியதும் புல் தானாக வந்துவிடும் என்றுதான் கேள்விப்படும் எவரும் நினைப்பார்கள். இந்தக் கட்டுரையின் மூன்று கேள்விகளையும் அந்த வெட்டிய நிலத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். உறைபனி இன்னும் இருக்கிறது, ஆனால் சீகைக்கு அது வடிகட்டியே இல்லை. சுற்றிலும் பல மைலுக்குச் சீகையும் கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) தேயிலையும் என்றால் புல் விதை எங்கிருந்து வந்து சேரும்? மண்ணுக்குள்ளே சீகை விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் கொத்துக் கொத்தாக முளைக்கும். முதல்வரவு அதற்குத்தான். அதனால் வேலை செய்கிறவர்கள் எஞ்சியிருக்கும் புல்வெளித் துண்டுகளிலிருந்து புல் கொத்துகளை எடுத்து நாற்றங்காலில் பெருக்கி, ஒவ்வொன்றாகக் கையால் நடுகிறார்கள். அடுத்த மழைக்குத் திரும்பி வந்து, புல்லுக்கு நடுவே முளைத்த சீகைக் கன்றுகளைக் குனிந்து பிடுங்குகிறார்கள். அதற்கடுத்த மழைக்கும் வருகிறார்கள்.